குருத்வாராவுக்கு முதன்முறை வருபவரை வரவேற்பது எப்படி: வாசல் முதல் பங்கத் (சாப்பாட்டுப் பந்தி) வரை

குருத்வாராவுக்கு முதன்முறையாக வரும் ஒருவரைக் கூடவே இருந்து அழைத்துச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் வாசல் சேவையில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். அலுவலக நண்பரைக் கூட்டிவரும் சீக்கியராக இருக்கலாம். ஊரிலிருந்து வந்த சித்தி சித்தப்பாவை டெல்லியிலோ அமிர்தசரஸிலோ குருத்வாராவுக்கு அழைத்துப் போகும் தமிழராகவும் இருக்கலாம்.

நான் மதுரைக்காரி. டெல்லியில் ஒரு சீக்கியக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து 16 வருஷம் ஆகிறது. முதல்முறை தர்பார் என்ற வழிபாட்டு மண்டபத்துக்குள் போனபோது எல்லோரும் அர்தாஸ் என்ற பொதுப் பிரார்த்தனைக்கு எழுந்து நிற்க, நான் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். யாரும் கோபப்படவில்லை. ஆனாலும் அந்தக் கூச்சம் போக ரொம்ப நாளாயிற்று. இப்போது எங்கள் தெருக் குருத்வாராவில் ஞாயிறுதோறும் வாசலில் நிற்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அநேகமாக ஒரே இடங்களில்தான்.

அதிலிருந்து நான் பழகிக்கொண்ட முறை இது: எந்த விஷயத்தையும் அது தேவைப்படுவதற்குச் சற்று முன்னால் சொல்ல வேண்டும். வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தால் பாதி மறந்துவிடும், மீதி பயமுறுத்தும். நடந்த பிறகு சொன்னால் அது திருத்தம் ஆகிவிடும். பத்துப் பேர் முன்னால் திருத்தப்பட்டவர் மறுபடி வரத் தயங்குவார். கீழே உள்ள வரிசையும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

1. முந்தைய நாள் ஃபோனில் சொல்ல வேண்டியவை

நான்கே விஷயங்கள் போதும். உடை, பை, நேரம், அப்புறம் அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகள்.

உடை: தோளும் காலும் மூடியிருக்க வேண்டும், தரையில் சம்மணமிட்டு உட்கார வசதியாக இருக்க வேண்டும். இறுக்கமான ஜீன்ஸில் வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் காலை நீட்டிவிடுவார்கள். அது ஏன் சிக்கல் என்று பின்னால் சொல்கிறேன். பெண்களிடம் ஒரு துப்பட்டா கொண்டுவரச் சொல்லுங்கள். சேலை என்றால் முந்தானையே போதும், ஆனால் பட்டுச் சேலை தலையில் நிற்காமல் வழுக்கும், பருத்தி நல்லது.

பை: சிகரெட், பீடி, புகையிலை, பான் மசாலா, மது எதுவும் உடன் இருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் குருத்வாராவுக்குள் வரலாம், எந்த நாடு, எந்த மதம், எந்தச் சாதி என்ற தடை கிடையாது. ஆனால் புகையிலை போன்றவற்றை உடன் எடுத்துவரக் கூடாது. சீக்கிய ரஹித் மர்யாதா என்ற நடத்தை விதித்தொகுப்பு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. இதை முந்தைய நாளே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாசலில் வந்து பாக்கெட்டைத் துழாவி பீடிக்கட்டை வெளியே எடுக்க வேண்டிவந்தால், அந்த மனிதருக்கு அன்றைய நாளே கெட்டுப்போகும்.

நேரம்: கீர்த்தன் என்ற பாடல் வழிபாடு முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள். அப்போதுதான் அர்தாஸ், ஹுகம்நாமா என்ற வாசிப்பு, பிரசாதம், லங்கர் என்ற பொதுச் சாப்பாடு நான்கையும் வரிசையாகப் பார்ப்பார்கள். லங்கர் நேரத்துக்கு நேராக வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் எங்கே வந்தோம் என்று தெரியாமலே போவார்கள்.

கேட்கத் தயங்கும் கேள்விகள்: பெண்கள் பெரும்பாலும் மாதவிலக்கைப் பற்றிக் கேட்க நினைப்பார்கள், கேட்க மாட்டார்கள். தடை இல்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வீட்டில் சாவுத் தீட்டு, பிறப்புத் தீட்டு இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். ஆசா தி வார் என்ற பாடல் தொகுப்பில் குரு நானக் சூதகம் என்ற தீட்டுக் கருத்தையே மறுத்து, மனத்தின் தீட்டு பேராசைதான் என்று பாடியிருக்கிறார். ஒரு தோழி மூன்று ஞாயிறு வாசல்வரை வந்து கணவரையும் பிள்ளைகளையும் மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுக் காரில் உட்கார்ந்திருந்தாள். காரணம் இதுதான் என்று நான்காவது வாரம் தெரிந்தது. அன்றிலிருந்து யாரும் கேட்பதற்காக நான் காத்திருப்பதில்லை.

"காலையில் அசைவம் சாப்பிட்டோமே, வரலாமா?" என்றும் கேட்பார்கள். வரலாம். உள்ளே கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். குடித்திருந்தால் வேறொரு நாள் வரச் சொல்லுங்கள்.

2. உங்கள் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டியவை

தலைக்குக் கட்டும் துணி, அதாவது ருமால், கூடையில் நிறைய இருக்க வேண்டும். துவைத்ததாக இருக்க வேண்டும். பெரிய குருத்வாராக்களில் கூடை எப்போதும் இருக்கும்; சின்ன இடங்களில் அழுக்குத் துணிதான் மிஞ்சியிருக்கும். நான் கைப்பையில் எப்போதும் ஆறு துணி வைத்திருக்கிறேன்.

நான்கு பேருக்கு ஒரு துணை என்பது என் கணக்கு. பத்துப் பேருக்கு ஒருவர் போனால் அவர் வழிகாட்டி ஆகிவிடுவார், பேசிக்கொண்டே போவார், பின்னால் வருபவர்கள் தொலைந்துபோவார்கள். பெண்கள் வந்தால் ஒரு பெண் கூட இருக்க வேண்டும். பல குருத்வாராக்களில் தர்பாருக்குள் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவது வழக்கம். கணவனும் மனைவியும் பிரிந்து உட்காரும்போது இருவருக்கும் பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் வேண்டும்.

முட்டிவலிக்காரர்கள் வந்தால் சுவர் ஓரம் எங்கே இடம், பெஞ்சு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவையுங்கள். கொஞ்சம் காகிதக் கைக்குட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரசாதத்தின்போது தேவைப்படும்.

3. வாசலில்: செருப்பு, கை, தலை, கால்

இந்த வரிசை மாறினால் எல்லாம் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

முதலில் ஃபோனை அமைதியாக்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டால் கவனம் வேறெங்கோ போய்விடும், பிறகு நினைவு வராது.

அடுத்து செருப்பு. ஜோடா கர் என்ற செருப்புக் காப்பிடத்தில் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். அங்கே செருப்பை வாங்குகிறவர் கூலிக்காரர் அல்ல, சேவை செய்ய வந்தவர். டாக்டராக இருப்பார், கடைக்காரராக இருப்பார், கல்லூரி மாணவியாக இருப்பார். நம் ஊர்ப் பழக்கத்தில் சிலர் பத்து ரூபாயை நீட்டுவார்கள். அவர் கைகூப்பி மறுப்பார், இருவருக்கும் சங்கடம். எனவே "இங்கே காசு கிடையாது, இரண்டு கையாலும் கொடுங்கள்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காலுறை விஷயம் இடத்துக்கு இடம் மாறும். அமிர்தசரஸ் தர்பார் சாஹிபில், அதாவது பொற்கோவிலில், காலுறையும் கழற்ற வேண்டும். பல தெருக் குருத்வாராக்களில் போட்டுக்கொண்டே போகலாம்.

செருப்பைத் தொட்ட கையைக் கழுவிய பிறகுதான் தலைத்துணி. அதே கையால்தான் சற்று நேரத்தில் பிரசாதம் வாங்கப் போகிறார்கள். வரிசைக்குக் காரணம் அதுதான்.

தலைத்துணியைக் கட்டிக் காட்டுங்கள், சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, நீண்ட விளிம்பை நெற்றியில் வைத்து, இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய், தொங்கும் மூன்றாவது முனையின் மேல் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு பிடரிக்குக் கீழே இருந்தால் கழன்றுவிடும்; தலையின் பின்மேட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் நிற்கும். தொப்பி வேண்டாம், கைக்குட்டையைச் சும்மா தலையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். வணங்கக் குனிந்ததும் விழுந்துவிடும். பிள்ளைகளுக்கும் தலை மூட வேண்டும். கைக்குழந்தை துணியை இழுத்துப் போட்டால் அதற்காகப் பெற்றோர் பதற வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

கடைசியில் கால். வாசற்படியில் தண்ணீர் ஓடும் ஆழமில்லாத தொட்டி இருந்தால் அதில் கால் நனைத்து நடக்க வேண்டும். சிலர் தாண்டிக் குதிப்பார்கள். நீங்கள் முன்னால் நடந்தால் அவர்களும் நனைத்து வருவார்கள்.

4. முற்றத்தில் ஒரு நிமிடம் நிற்கவும்

நிஷான் சாஹிப் என்ற உயர்ந்த கொடிமரத்தின் அருகே நில்லுங்கள். தூரத்தில் வருகிறவருக்கு இங்கே தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று காட்டுவது அந்தக் கொடி என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இதைவிட முக்கியமானது அடுத்துச் சொல்ல வேண்டியது. உள்ளே சிலை இல்லை. குரு கிரந்த் சாஹிப் இருக்கிறது. 1430 பக்கம். அவற்றைப் பக்கம் என்றுகூடச் சொல்வதில்லை, அங்க், அதாவது அங்கம் என்பார்கள். சீக்கியர்களுக்கு அதுதான் இன்றைய குரு. அதனால்தான் மண்டபத்துக்குப் பெயர் தர்பார். மேலே விதானம், கீழே ஆசனம், போர்த்தப் பட்டுத்துணி, வீசச் சாமரம். ஒரு குருவின் சபையில் எப்படி இருப்போமோ அப்படி இருந்தால் போதும் என்று இங்கேயே சொல்லிவிடுங்கள். பிறகு வரும் பத்து விதிகளையும் அவர்களே ஊகித்துவிடுவார்கள். காலை நீட்டக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, இடையில் பேசக் கூடாது என்று ஒவ்வொன்றாக அடுக்கினால் அது பள்ளிக்கூடம் போல ஆகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வரியும் தேவை: கற்பூர ஆரத்தி இல்லை, மணி இல்லை, விபூதி குங்குமம் இல்லை, பெயர் நட்சத்திரம் சொல்லும் அர்ச்சனையும் இல்லை. என் பெரியம்மா தேங்காய் பழத்தட்டோடு வந்து அதை யாரிடம் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தார். லங்கர் சமையலறையில் கொடுத்தோம், பழத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். ஏதாவது கொண்டுவர விரும்புகிறவர்களிடம் ஆட்டா, பருப்பு, சர்க்கரை, பால் என்று சொல்லலாம். எல்லாம் அன்றே அடுப்புக்குப் போகும்.

5. மத்தா தேக்னா: வணங்குவது

புதியவர் மிகவும் தடுமாறும் இடம் இது. எல்லோர் முன்னாலும் தனியாக நடந்துபோக வேண்டும்.

நீங்கள் முன்னால் போங்கள், அவர் பார்க்கட்டும். நடுவழியில் மெதுவாக நடந்து, குரு கிரந்த் சாஹிப் முன்னால் வந்ததும் கோலக் என்ற உண்டியலில் விரும்பியதைப் போட்டு, மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கி, எழுந்து, ஓரிரு அடி பின்வாக்கில் வைத்து, பக்கவாட்டில் விலகிப் போய் உட்கார வேண்டும். சில இடங்களில் வணங்கிய பிறகு பின்பக்கமாகச் சுற்றி வரும் வழி இருக்கும். இடமிருந்து வலமாக, நம் கோவில் பிரகாரம் போலவே.

மூன்று விஷயங்களை உள்ளே நுழையும் முன் காதோடு சொல்லுங்கள்.

காசு போடுவது கட்டாயம் இல்லை. கையில் சில்லறை இல்லையே என்று பின்தங்குகிறவர்கள் உண்டு.

ரொம்ப நேரம் குனிந்திருக்க வேண்டாம். பின்னால் வரிசை நிற்கிறது. வேண்டுதலை உட்கார்ந்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

தன் மதம் வேறு என்பதால் தரையில் வணங்க மனமில்லாதவர் நின்றபடி கைகூப்பி, தலை தாழ்த்திவிட்டுப் போய் உட்காரலாம். இதை நீங்கள் சொல்லாவிட்டால் அவர் உள்ளே வராமலே வெளியே நின்றுவிடுவார். விருந்தாளியின் மனசாட்சியை மதிப்பதும் வரவேற்பில் சேர்ந்ததுதான். எங்கள் பக்கத்து வீட்டு இஸ்லாமியப் பெரியவர் அப்படித்தான் வந்து, கடைசிவரை கீர்த்தன் கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு பொதுவான தவறு: வணங்கிக்கொண்டிருப்பவருக்கும் குரு கிரந்த் சாஹிபுக்கும் நடுவே குறுக்கே நடப்பது. பிள்ளைகள் சாமரத்தைப் பார்த்து அதை நோக்கி ஓடுவதும் உண்டு. பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

6. உட்காருவதும் கேட்பதும்

முதல் வரிசை வேண்டாம். நான்காவது ஐந்தாவது வரிசை நல்லது. முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரிந்துகொள்ளலாம். கதவுக்கு அருகே உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர்தான் கண்ணில் படுவார்கள்.

கால் வலித்தால் மடக்கி மாற்றி உட்காரலாம். பாதம் குரு கிரந்த் சாஹிபை நோக்கி நீளக் கூடாது. முடியாதவர்களைச் சுவர் ஓரத்துக்கோ பெஞ்சுக்கோ முதலிலேயே அழைத்துப் போங்கள். பாதியில் எழுப்பாதீர்கள்.

கீர்த்தனின் பொருளை வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். பல குருத்வாராக்களில் சுவரில் ஒரு திரை இருக்கும், பாடும் வரி பொருளோடு ஓடும். அதைக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். கர்நாடக சங்கீதம் கேட்ட காது உள்ளவர்களிடம், குரு கிரந்த் சாஹிபின் பெரும்பகுதி ராகங்களின்படியே பிரிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள், அப்புறம் அவர்களே கேட்டுக்கொள்வார்கள். கபீரும் நாமதேவரும் ரவிதாஸரும் பாடியவை அதில் உண்டு என்பதைப் பிறகு சாப்பிடும்போது சொல்லலாம்.

7. அர்தாஸ், ஹுகம்நாமா

ஆனந்த் சாஹிப் என்ற பாடலைப் பாடத் தொடங்கினால் அர்தாஸ் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் முதல் ஐந்து பவுரிகளும், அதாவது பத்திகளும், கடைசிப் பவுரியும் பாடுவார்கள். இதுதான் உங்களுக்கு அடையாளம். அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: "இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம். கைகூப்பி நின்றால் போதும். நடுவில் எல்லோரும் வாஹேகுரு என்பார்கள், விருப்பம் இருந்தால் சேர்ந்து சொல்லலாம். முடிந்ததும் தரையில் வணங்குவோம்."

எனக்கு அன்று யாராவது இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.

அர்தாஸ் முடிந்ததும் ஒருவர் "போலே ஸோ நிஹால்" என்று உரக்கக் குரல் கொடுக்க, எல்லோரும் "ஸத் ஸ்ரீ அகால்" என்று முழங்குவார்கள். குழந்தைகள் திடுக்கிட்டு அழும். அதையும் முன்னால் சொல்லிவையுங்கள். அர்தாஸின் கடைசி வரியில் வரும் "ஸர்பத் தா பலா" என்றால் எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும் என்று பொருள். அந்த வேண்டுதலில் வந்தவரும் சேர்ந்திருக்கிறார் என்று நான் எப்போதும் சொல்வேன்.

பிறகு உட்கார வேண்டும். குரு கிரந்த் சாஹிபைத் திறந்து, இடப்பக்கத்தின் மேலே வரும் சப்தத்தை, அதாவது பாடலை, வாசிப்பார்கள். அது முந்தைய பக்கத்திலேயே தொடங்கியிருந்தால் அங்கிருந்து வாசிப்பார்கள். அதுதான் ஹுகம்நாமா, அன்றைக்கான குருவின் கட்டளை. இந்த நேரத்தில் யாரும் நடமாடக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டியவர்களை ஆனந்த் சாஹிபுக்கு முன்பே கேட்டு அனுப்பிவிடுங்கள்.

அர்தாஸ் நடக்கும்போது நீங்கள் ஆட்களோடு உள்ளே நுழைய நேர்ந்தால் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே கைகூப்பி நின்றுவிடுங்கள். முன்னால் போய் வணங்குவது முடிந்த பிறகுதான்.

8. கடா பிரசாத்

கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. நம் கோதுமை அல்வாவுக்கு உறவு, ஆனால் இன்னும் மணலாக, நெய் கையில் வழியும் பதத்தில் இருக்கும்.

கொடுப்பதற்கு முன் ஒருவர் கிர்பான் என்ற சிறு வாளால் பிரசாதத்தைத் தொடுவார். அதைப் பார்த்து மிரள வேண்டாம். பிரசாதம் ஏற்கப்பட்டதற்கான முறை அது.

உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து ஏந்த வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் வலது கையை மட்டும் நீட்டுவார்கள், அதுதான் அடிக்கடி நடப்பது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் ஏந்தினால் அவர் பார்த்துச் செய்வார். குறைவாக வேண்டும் என்றால் "தோடா ஜீ" என்று சொல்லலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இரண்டு சொல்லைத் தெரிந்துவைத்திருந்தால் மறுக்க வேண்டிய சங்கடம் வராது. கோதுமை ஒவ்வாதவர் கைகூப்பி விட்டுவிடலாம்.

தின்ற பிறகு கையெல்லாம் நெய். கம்பளத்தில் துடைத்துவிடுவார்கள். காகிதக் கைக்குட்டையை இப்போது நீட்டுங்கள், வாங்குவதற்கு முன்பு அல்ல. முன்பே கொடுத்தால் சிலர் பிரசாதத்தையே அந்தக் காகிதத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

9. லங்கர்

தர்பாரில் வணங்கியதோடு முடிந்தது என்று செருப்பு வாங்கக் கிளம்புகிறவர்கள் பாதிப் பேர். காரணம் எளிது. நம் வழக்கத்தில் பந்திக்கு யாராவது கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் போய் உட்காருவது நமக்குக் கூச்சம். இங்கே யாரும் தனியாகக் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் அழைக்கப்பட்டவர்கள்தான். எனவே அந்த அழைப்பை நீங்கள் சொல்ல வேண்டும்: "வாங்க, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்." இந்த ஒரு வாக்கியத்தை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.

பங்கத் என்பதும் பந்தி என்பதும் ஒரே வேர்ச்சொல். வேறுபாடு என்னவென்றால் இங்கே முதல் பந்தி, மாப்பிள்ளை வீட்டுப் பந்தி என்று எதுவும் இல்லை. காலியாக இருக்கும் அடுத்த இடம் எதுவோ அதுதான் நம்முடையது. யார் பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்காமல் உட்காருவதற்காகவே இந்த வரிசை. குழுவாக வந்தவர்கள் எதிரெதிரே வட்டமாக உட்காரப் பார்ப்பார்கள். மெதுவாக வரிசைக்குக் கொண்டுவாருங்கள், பரிமாறுகிறவர் நடக்க வழி வேண்டும்.

நடைமுறை இப்படி. கையைக் கழுவி, தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். தலைத்துணி இங்கேயும் இருக்க வேண்டும். தர்பாரை விட்டு வந்ததும் கழற்றிவிடுவது வழக்கமான தவறு. "பர்ஷாதா ஜீ" என்று வந்தால் ரொட்டி. அதையும் இரண்டு கையால் ஏந்த வேண்டும். ரொட்டிக்கு பிரசாதம் என்ற அதே பெயர் ஏன் என்பது இதிலிருந்தே புரிந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலது கை எச்சிலாக இருக்குமே என்று தமிழர்கள் திகைப்பார்கள். இடது கையோடு வலது புறங்கையைச் சேர்த்து ஏந்தினால் போதும், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். "ஜல் ஜீ" என்றால் தண்ணீர்.

சாதம் சில நாள்தான் இருக்கும். அதைத் தேடும் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேண்டிய அளவு எத்தனை முறையும் வாங்கலாம், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. அன்போடு அள்ளி வைத்துவிடுவார்கள், அதனால் "பஸ் ஜீ" என்று கையைத் தட்டின் மேல் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். சைவம்தான், யாரும் சாப்பிடலாம் என்பதற்காக. பணம் கிடையாது. "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பவரிடம் சிரித்துவிட்டு, விரும்பினால் உண்டியலில் போடலாம் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

தட்டை அவரவரே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

10. சேவைக்கு அழைப்பதா?

அழைக்கலாம், தள்ளக் கூடாது. ரொட்டி தேய்க்கும் இடத்தைக் காட்டி "உட்காருகிறீர்களா?" என்று ஒரு தடவை கேளுங்கள். சப்பாத்தி வட்டமாக வராது என்று தயங்குவார்கள். அங்கே யாரும் வடிவத்தைப் பார்ப்பதில்லை. பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது எல்லாம் முதல் நாளுக்கு ஏற்றவை. பரிமாறும் வேலையை முதல் நாளே கொடுக்காதீர்கள்; சூடான பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து நடப்பதற்குப் பழக்கம் வேண்டும்.

தர்பாரில் ஒன்றும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகு முகம் மாறிப் போனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பேச்சு அங்கேதான் பிறக்கும். என் மாமியாரை நாங்கள் பீஜி என்போம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பீஜியும் ஒரு வார்த்தை பஞ்சாபி தெரியாத என் அம்மாவும் சிநேகமானது அந்தத் தொட்டி ஓரத்தில்தான்.

11. அவர்கள் கேட்பவை, நீங்கள் கேட்கக் கூடாதவை

சாதி கேட்காதீர்கள். சுற்றிவளைத்தும் கேட்காதீர்கள். பெயர், ஊர், சாப்பிட்டாயிற்றா, இது போதும். வருபவர் உங்களிடமோ சேவை செய்யும் இன்னொரு சேவாதாரிடமோ கேட்டால் "ஆண்கள் சிங், பெண்கள் கௌர், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடலாம்.

மதம் மாற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், வருவதற்கு எந்த நிபந்தனையும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அமிர்தம் எடுப்பது, அதாவது தீட்சை பெறுவது, தானே விரும்பி, வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கும் தனி உறுதி. முதல் நாளில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. ஃபோன் நம்பர் வாங்கிக் குழுவில் சேர்ப்பதும் முதல் நாளில் வேண்டாம்.

கிர்பானையும் தலைப்பாகையையும் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள், பிள்ளைகள் குறிப்பாக. கேட்கலாம், தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். "சர்தார்ஜி ஜோக்" சொல்லி நெருக்கம் காட்ட நினைக்கும் விருந்தாளிகளும் உண்டு. வழியில் வரும்போதே அது வலிக்கும் என்று சொல்லிவிடுங்கள். அழைக்க வேண்டுமென்றால் ஆண்களை வீர்ஜி, அதாவது அண்ணா, பெண்களை பெஹன்ஜி என்று அழைக்கலாம்.

12. அமிர்தசரஸ் என்றால் மாறுபவை

தர்பார் சாஹிபில் விடுமுறை நாளில் உள்ளே போகும் வரிசையே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பெரியவர்களுக்கு முன்பே தண்ணீர் கொடுத்து அழைத்துப் போங்கள். நான்கு திசையிலும் வாசல் இருப்பதால் எந்த வாசல் வழியாக வந்தோம், செருப்பு எங்கே கொடுத்தோம் என்பது மறந்துவிடும். செருப்பைக் கொடுத்ததுமே வெளியிலிருந்து வாசலை ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்மண்டபத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை. குளத்தைச் சுற்றிய நடைபாதையான பரிக்கிரமாவில், நீலச் சட்டையோ கையில் ஈட்டியோ தெரிந்தால் அவர் சேவாதார், அவரைக் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

வழியில் கவுண்ட்டரில் பணம் கொடுத்து வாங்கும் பிரசாதம் வரிசையில் நின்றுகொண்டே தின்பதற்கானது அல்ல. அங்கே சேவாதாரிடம் கொடுத்தால் பாதியை எல்லோருக்குமாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். என்னோடு வந்த ஒரு குடும்பம் அங்கே போய்ச் சேரும் முன்பே தின்று முடித்துவிட்டது. சொல்லாதது என் தவறு.

மே, ஜூனில் பளிங்குத் தரை சுடும். விரித்திருக்கும் பாய் மீதே நடக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் 50,000 பேருக்கு மேல் சாப்பிடும் லங்கர் என்பதால் அங்கே வரிசை வேகமாக நகரும். வயதானவர்களை நடுவில் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

13. இரண்டாம் முறை வருபவர்

இவருக்குத் துணை வேண்டாம் என்று நினைத்துவிடுவோம். முதல் தடவை நாலு பேர் கூட இருந்தார்கள், இரண்டாம் தடவை யாரும் கவனிக்கவில்லை என்றால் விருந்து முடிந்துவிட்டது என்று தோன்றும். பெயரை நினைவு வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அது போதும்.

கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் மூல் மந்தரில் தொடங்கலாம், "இக் ஓங்கார்" என்ற அந்தத் தொடக்கம் குரு கிரந்த் சாஹிபின் முதல் அங்கிலேயே இருக்கிறது. குர்முகி எழுத்து தமிழருக்குக் கடினம் இல்லை. க, க2, க3 என்று நமக்குப் பழக்கமில்லாத ஒலிகளைக் காதால் பிரித்துக் கேட்பதுதான் கடினம். அதனால் எழுத்துக்கு முன் பாடலைக் கேட்கவிடுங்கள்.

பிரார்த்தனைப் பாடல்கள் உள்ள சிறு நூலை குட்கா என்பார்கள். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வேறு பொருளில் விழும். "வீட்டுக்கு ஒரு குட்கா எடுத்துப் போங்கள்" என்று ஒரு பெரியவர் சொல்ல, என் தம்பி அதிர்ந்து நின்றான். குட்கா சாஹிப் என்று முழுசாகச் சொல்லி, கையில் கொடுக்கும்போதே வைக்கும் முறையையும் சொல்லுங்கள்: கை கழுவி, தலை மூடி எடுக்க வேண்டும்; தரையில் வைக்கக் கூடாது; துணியில் சுற்றி உயரமான இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் அப்படி ஒரு இடம் இல்லை என்று அவர் சொன்னால் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த ஞாயிறும் வரட்டும், இங்கேயே உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கலாம்.